டூலுக்கு ஒரு எண், அதை இரும்பிலேயே பொறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில் இரண்டு வி.எம்.சி. (கம்ப்யூட்டர் புரோகிராம்படி உலோகம் வெட்டும் இயந்திரம்), ஒரு சி.என்.சி. லேத் (அதே போல் ஓடும் கடைசல் இயந்திரம்) வைத்து, பிற கம்பெனிகளுக்குப் பாகங்கள் வெட்டிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைக்காரன் நான். 1998-இல் ஹெல்ப்பராக இந்தத் தொழிலுக்குள் வந்து, ஆபரேட்டர், செட்டர் (இயந்திரத்தில் டூல் மாட்டித் தயார் செய்பவர்) என்று ஒவ்வொரு படியாக ஏறி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டேன். உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் சில வாரங்களாகச் சிறுதொழில்காரர்கள் பலர் "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிலைப்பதில்லை" என்று எழுதி வருகிறார்கள். உண்மைதான், எனக்கும் அதே பாடுதான். ஆனால் வந்து சேர்கிற ஆளை முதல் நாளே திணற வைப்பது எது என்று அந்தக் கடிதங்களில் யாரும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் அது டூல் அலமாரி. எந்த டிரில் எங்கே இருக்கிறது, எந்த டேப் (மரை வெட்டும் டூல்) எந்த ஜாப்புக்கு, இயந்திரத்தின் டூல் தட்டான மேகசினில் ஏழாம் இடத்தில் இப்போது இருப்பது என்ன என்பதெல்லாம் ஒரே ஒரு செட்டரின் மண்டைக்குள் மட்டும் இருக்கும். புதிதாக வந்த பையன் அந்த அலமாரி முன்னால் நின்று முழிப்பான். இதைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டியதில்லை, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொழில் தெரியாத வாசகர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வி.எம்.சி. ஒரே இயந்திரத்தில் முகம் சீவும், துளை போடும், மரை வெட்டும், பள்ளம் எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டூல். அந்த டூல்கள் மேகசின் என்ற சுற்றுத் தட்டில் 16, 20, 24 என்று இடம் பிரித்து அடுக்கியிருக்கும். புரோகிராமில் ஐந்தாம் டூல் என்று வந்தால் இயந்திரம் ஐந்தாம் டூலை எடுத்து, டூலைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டிக்கொள்ளும். அது டிரில்லா டேப்பா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, ஐந்து என்பது மட்டும்தான் தெரியும். அடுத்து ஜி43, ஹெச்05 என்று ஒரு வரி வரும், இந்த டூலின் நீளத்தை அளந்து இயந்திரத்தின் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் பதிந்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் வரி அது. டூல் எண்ணும் ஹெச் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் அதிகம் ஓடும் ஃபானுக் கன்ட்ரோலில் (இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர்) கட்டாயம் கிடையாது. ஏழாம் டூலை மாட்டச் சொல்லிவிட்டு ஹெச்08 என்று எழுதினாலும் அது மறுபேச்சில்லாமல் எட்டாம் டூலின் நீளத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். ஹாஸ் மாதிரி சில இயந்திரங்களில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அலாரம் கொடுக்கும் செட்டிங் இருக்கிறது, எல்லாக் கன்ட்ரோலிலும் அது வந்தால் எவ்வளவோ நல்லது.

இப்படி ஒரு விபத்து என் பட்டறையிலேயே நடந்தது. 16 மில்லி மீட்டர் விட்டமுள்ள நீளமான டிரில் ஒன்று எட்டாம் இடத்தில் இருக்க வேண்டியது. அன்று எட்டாம் இடத்தில் வேறொரு ஜாப்புக்காக முகம் சீவும் ஃபேஸ் மில் உட்கார்ந்திருந்தது, காலையில் மறுபடி அந்த ஜாப் ஓட வேண்டும் என்பதால் அதை எடுக்க ஆபரேட்டருக்கு மனமில்லை. டிரில்லை ஏழில் போட்டான், நீளத்தை அளந்து ஏழாம் கட்டத்தில் சரியாகவே பதிந்தான், புரோகிராமில் டூல் எண்ணையும் எட்டிலிருந்து ஏழாக மாற்றினான். ஹெச்08 மட்டும் அப்படியே இருந்துவிட்டது. டிரில்லின் நீளம் 178, எட்டாம் கட்டத்தில் இருந்த ஃபேஸ் மில்லின் நீளம் 102. ஜாப்புக்கு மேலே 50 மில்லி மீட்டரில் வந்து நிற்க வேண்டிய டிரில் நுனி, 76 மில்லி மீட்டர் கூடுதலாக இறங்கி ஜாப்புக்குள்ளேயே போய் முட்டியது. அந்த இயந்திரத்தின் வேகம் நிமிடத்துக்கு 36 மீட்டர், அதாவது ஒரு வினாடிக்கு 600 மில்லி மீட்டர். கை எமர்ஜென்சி பட்டனுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கதவு மூடியிருந்ததால் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை நினைத்து இன்றும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். ஸ்பிண்டில் பேரிங் மாற்ற வேண்டி வந்து இயந்திரம் பதினொரு நாள் நின்றது. அந்தப் பையன் மூன்றாம் நாளே ஊருக்குப் போய்விட்டான், எவ்வளவு கூப்பிட்டும் திரும்பி வரவில்லை. அவன் கவனக்குறைவானவன் இல்லை. மேகசினில் எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு முறையே இல்லாத பட்டறையில், ராத்திரி இரண்டு மணிக்கு, இருபது வயதுப் பையனைத் தனியாக நிற்க வைத்தது நான்.

சத்தம் போட்டு நடக்கிற தவறு ஒரு வகை. சத்தமே இல்லாமல் நடக்கிற இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகப் பயம். எம்10 டேப்பில் சாதாரணமாகப் புழங்குவது 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மில்லி மீட்டரில்), அதற்கு 8.5 டிரில். ஃபைன் மரை கேட்டால் 1.25 பிட்ச், அதற்கு 8.8 டிரில். இரண்டு டேப்பும் ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். ஷேங்க் என்ற காம்புப் பகுதியில் அளவு அச்சடித்திருப்பார்கள், அதைப் பிடிக்கும் கோலட் இறுக்கி இறுக்கி நாலு மாதத்தில் அது தேய்ந்துவிடும். அலுமினிய ஹவுசிங் ஒன்று, பீஸுக்கு நாலு துளை, எம்10 ஃபைன் மரை. அறுபதாவது பீஸ் ஓடும்போது டேப் உடைந்தது. "அண்ணா, டேப் போயிடுச்சு" என்று பையன் செட்டருக்குப் போன் போட்டான். அவர் தூக்கக் கலக்கத்தில் "டிராயர்ல பத்து டேப் இன்னொன்னு இருக்கும் பாரு தம்பி" என்றார். டிராயரில் பத்து டேப் இருந்தது, ஆனால் அது 1.5 பிட்ச். நாங்கள் மாட்டியிருந்தது ஃப்ளோட்டிங் ஹோல்டர், டேப் தன் போக்கில் கொஞ்சம் முன்னே பின்னே நகர இடம் கொடுக்கும் ஹோல்டர். புரோகிராம் சுற்றுக்கு 1.25 இறங்கச் சொல்ல, டேப் சுற்றுக்கு 1.5 இழுக்க, 20 மில்லி மீட்டர் ஆழத்துக்குப் பதினாறு சுற்றில் வந்த 4 மில்லி மீட்டர் வித்தியாசத்தை ஹோல்டர் தானே விழுங்கிக்கொண்டது. மரை பளபளவென்று வந்தது. டேப்பை நகர விடாமல் பிடிக்கும் ரிஜிட் டேப்பிங் ஆக இருந்திருந்தால் டேப் உடைந்தோ மரை கிழிந்தோ அப்போதே தெரிந்திருக்கும். விடியும்வரை 86 பீஸ் ஓடியது, முதல் பீஸில் மரையைச் சோதிக்கும் கேஜ் போட்டுப் பார்த்ததோடு சரி, டேப் மாற்றியபின் யாரும் போடவில்லை. கஸ்டமர் அசெம்பிளியில் போல்ட் இரண்டு சுற்று போய் இறுகி நின்றபோதுதான் தெரிந்தது. 86 பீஸும் திரும்பி வந்தன.

அந்த லோடு வண்டி வந்து பட்டறை வாசலில் நின்ற அன்று சாயங்காலம்தான் என் செட்டரும் நானும் உட்கார்ந்து பேசினோம். அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினெட்டு வருடம் என்னோடு இருந்தவர். எந்த டிரில்லை எப்போது ரீகிரைண்ட் செய்தோம் (மறுபடி தீட்டினோம்), எந்த ஹோல்டர் சுற்றும்போது லேசாக ரன்-அவுட் (ஆட்டம்) அடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் இருக்கும்வரை பட்டறைக்கு எண்ணே வேண்டியதில்லை, அவர்தான் எண். அவர் ஒருநாள் மூட்டு ஆபரேஷனுக்கு லீவு போட்டால் ஆறு பேர் சும்மா நிற்போம். இது அவருடைய பெருமை, என் பட்டறையின் பலவீனம். அன்று அவரே சொன்னார், "நம்ம தலையில இருக்கிறதை இரும்புல எழுதிப் போட்டுடலாம் சார்." அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லா டிராயரையும் தரையில் கொட்டினோம். ஒரே அளவில் பதினான்கு 6.8 டிரில், ஒன்றுகூட இல்லாத 10.2 டிரில், 10 என்று அச்சடித்திருந்தும் ரீகிரைண்ட் ஆகி 9.7-க்கு வந்துவிட்ட எண்ட் மில்கள் (பள்ளம் எடுக்கும் டூல்கள்), ஸ்பிண்டில் பிடித்து இழுக்கும் புல் ஸ்டட் இல்லாத பி.டி.40 ஹோல்டர்கள், பாதி உடைந்த டேப்பைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தது, எல்லாம் வெளியே வந்தன. இல்லை என்று நினைத்து வாங்கிய டூல்கள் நான்கைந்து வகை ஏற்கெனவே இருந்தன. அந்தப் பணம் எவ்வளவு என்று நான் கூட்டிப் பார்க்கவில்லை, பார்க்க மனம் வரவில்லை.

எண் போடுவதில் எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. எண்ணை எதன் மேல் போடுவது? டிரில்லின் மேலா, அதைப் பிடித்திருக்கும் ஹோல்டரின் மேலா, மேகசின் இடத்துக்கா? ஹோல்டரில் மட்டும் எண் போட்டால் நாளைக்கே அதில் வேறு டிரில் மாட்டுவோம், எண் பொய்யாகிவிடும். டிரில்லில் மட்டும் போட்டால் சின்ன டிரில்லில் எழுத இடமில்லை, போதாக்குறைக்குக் கோலட் பிடிக்கிற இடத்தில் எதையும் பொறிக்கவும் கூடாது. கடைசியில் மூன்றுக்கும் தனித்தனி எண் என்று முடிவு செய்தோம், மூன்றையும் ஒரு தாளில் சேர்த்துக் கட்டுவது என்று வைத்துக்கொண்டோம், அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டூலின் எண் தன் அளவைத் தானே சொல்ல வேண்டும் என்பது செட்டரின் யோசனை. இன்சர்ட் (மாற்றி மாட்டும் சிறு வெட்டு முனை) பெட்டியில் இருக்கும் குறியீட்டைப் பார்த்துத்தான் அவருக்கு அது தோன்றியது. சி.என்.எம்.ஜி. 120408 என்று லேத்தில் தினமும் புழங்குகிறோம். முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுரம் என்கிறது, கடைசி 08 மூக்கு வளைவு 0.8 மில்லி மீட்டர் என்கிறது, நடுவில் இருக்கும் 04 கனத்தைச் சொல்கிறது. உலகத்தில் எந்தக் கம்பெனி இன்சர்ட் வாங்கினாலும் அந்த எழுத்துக்கு அதே அர்த்தம்தான், ஐ.எஸ்.ஓ. 1832 என்ற தரம் அது. பெட்டியில் நீல நிறம் என்றால் ஸ்டீலுக்கு, மஞ்சள் என்றால் ஸ்டெயின்லெஸ், சிவப்பு என்றால் வார்ப்பிரும்பு. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் நம் பட்டறைக்குள் ஒரு மொழி வேண்டும் என்றார்.

அதன்படி முதல் இலக்கம் டூலின் குடும்பம். 1 டிரில், 2 டேப், 3 எண்ட் மில், 4 ரீமரும் போரிங் பாரும், 5 ஃபேஸ் மில், சேம்பர் டூல் மற்ற எல்லாம். பிறகு அளவு, மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்காக. 8.5 டிரில் என்றால் 1085. 10.2 டிரில் என்றால் 1102. டேப்புக்கு மட்டும் அளவோடு பிட்ச்சும் சேரும், எம்10 சாதா மரை 2-10-150, ஃபைன் மரை 2-10-125. இப்போது "பத்து டேப்பை எடு" என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் "எந்தப் பத்து?" என்று பையனே கேட்கிறான். ரீகிரைண்ட் ஆன 10 எண்ட் மில்லை அளந்து 9.7 வந்தால் அது 3100 டிராயருக்குத் திரும்பப் போகாது, 3097 என்று தனி டிராயர். இந்த ஒரு விதியாலேயே எங்களுக்குப் பல ஜாப்புகள் தப்பித்தன, 10 என்று நம்பி 9.7-ஐ மாட்டினால் பள்ளம் சிறுத்துப்போகும், அல்லது ஆஃப்செட்டை (அட்டவணையில் பதிந்த டூல் அளவு) மாற்றி மாற்றிப் பாதி ஷிஃப்ட் போய்விடும்.

ஹோல்டர்களுக்கு 1 முதல் வரிசையாக எண், எலெக்ட்ரிக் என்கிரேவிங் பேனாவால் ஃபிளாஞ்ச் என்ற விளிம்பின் வெளிப்பக்கம் பொறித்தது. டேப்பர் என்ற கூம்புப் பாகத்தில் கை வைக்கவே கூடாது, ஸ்பிண்டிலில் உட்காரும் முகம் அது. டூல் மாற்றும் கை பிடிக்கிற வி வடிவப் பள்ளத்திலும் வேண்டாம். ஆரம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தோம், கூலண்ட் பட்டு இரண்டே நாளில் உரிந்து மேகசினுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. மார்க்கர் பேனா ஒரு வாரம் தாங்கியது. இரும்பில் எழுதினால் ஒழிய நிற்காது. டிராயர்களில் ஃபோம் வெட்டி ஒவ்வொரு டூலுக்கும் அதன் உருவத்திலேயே குழி எடுத்தோம், குழிக்குப் பக்கத்தில் எண். ஷிஃப்ட் முடியும்போது ஒரு குழி காலியாக இருந்தால் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும். தேய்ந்தது, உடைந்தது எல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரே டப்பாவுக்குள் போக வேண்டும், எக்காரணம் கொண்டும் குழிக்குத் திரும்பக் கூடாது. இதைப் பயிற்சிகளில் ஃபைவ் எஸ் (பட்டறையை ஒழுங்காக வைக்கும் ஜப்பானிய முறை) என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், பெயர் எதுவானால் என்ன, செய்தால் சரி.

அடுத்தது மேகசின் இடம். இங்கேதான் மற்ற பட்டறை நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு புரோகிராமிலும் டூல் 1, 2, 3 என்று வேலை வரிசைப்படி எண் கொடுக்கிறார்கள். படிக்க வசதிதான். ஆனால் ஒரு ஜாப்பில் டூல் 1 ஃபேஸ் மில், இன்னொன்றில் டூல் 1 சென்டர் டிரில் என்று வரும்போது ஜாப் மாறுகிற ஒவ்வொரு தடவையும் மேகசினைக் காலிசெய்து மறுபடி அடுக்க வேண்டும், எல்லா நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும், அங்கேதான் ஏழும் எட்டும் குழம்புகிறது. ஒரே ஜாப் ஆறு மாதம் ஓடும் பெரிய கம்பெனிகளுக்கு அது பரவாயில்லை. என்னைப் போல் வாரத்துக்கு எட்டு ஜாப் மாற்றுகிறவனுக்கு ஆகாது.

எங்கள் 24 இட மேகசினில் முதல் பன்னிரண்டு இடம் நிரந்தரம். 1-இல் 63 ஃபேஸ் மில், 2-இல் சென்டர் டிரில், 3, 4, 5-இல் 16, 10, 6 எண்ட் மில்கள். 6-இல் 5.0 டிரில், 7-இல் எம்6 டேப். 8-இல் 6.8 டிரில், 9-இல் எம்8 டேப். 10-இல் 8.5 டிரில், 11-இல் எம்10 சாதா டேப். 12-இல் சேம்பர் டூல். டிரில்லும் அதற்கான டேப்பும் எப்போதும் ஜோடியாகப் பக்கத்தில் பக்கத்தில். டிராயிங்கிலிருந்து புரோகிராம் எழுதும் கேம் சாஃப்ட்வேரின் டூல் லைப்ரரியிலும் இதே எண்களைப் போட்டுவிட்டோம், அதனால் புரோகிராம் வரும்போதே எம்8 டேப் ஒன்பதாம் எண்ணோடுதான் வருகிறது, யாரும் கையால் திருத்த வேண்டியதில்லை. 13 முதல் 23 வரை அந்தந்த ஜாப்புக்கான டூல். 24 எப்போதும் ஜாப்பின் ஓரத்தைக் கண்டுபிடிக்கும் எட்ஜ் ஃபைண்டருக்கு. ஹெச் எண் எப்போதும் இடத்தின் எண்தான், விட்டத்துக்கான ஆஃப்செட்டும் அதே எண். பழைய இயந்திரங்கள் சிலவற்றில் நீளத்துக்கும் விட்டத்துக்கும் ஒரே அட்டவணைதான் இருக்கும், அங்கே மட்டும் விட்டத்துக்கு 30 கூட்டிக்கொள்வது வழக்கம், ஐந்தாம் டூலுக்கு 35. முன்பு ஒரு ஜாப் மாற்ற இரண்டரை மணி நேரம் எடுத்தது, இப்போது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது.

ஆர்ம் வகை டூல் சேஞ்சர் (ஒரு கை டூலை மாற்றி மாட்டும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேகசினே ஸ்பிண்டிலிடம் நகர்ந்து வரும் குடை வகையில் ஐந்தாம் டூல் ஐந்தாம் இடத்துக்கே திரும்பும். ஆர்ம் வகையில் பெரும்பாலும் அப்படி இல்லை, புதிய டூலை எடுத்த இடத்திலேயே பழைய டூலை வைத்துவிட்டு வந்துவிடும், எது எங்கே என்ற கணக்கை இயந்திரம் தனக்குள் வைத்துக்கொள்ளும். அதாவது இரண்டு ஷிஃப்ட் ஓடிய பிறகு ஐந்தாம் டூல் பதினேழாம் இடத்தில் இருக்கலாம். இது தெரியாமல் மேகசின் கதவைத் திறந்து ஐந்து என்று எழுதியிருக்கும் இடத்தில் நேரடியாக டூலைச் செருகினால் அது வேறெதோ எண்ணாகத்தான் ஸ்பிண்டிலுக்கு வரும். அதனால் டூல் மாட்டுவதும் கழற்றுவதும் ஸ்பிண்டில் வழியாக மட்டுமே, எண்ணைக் கூப்பிட்டு, கையில் கொடுத்து. பெரிய ஃபேஸ் மில்லுக்குப் பக்கத்து இடங்கள் காலியாக இருக்க வேண்டும், எவ்வளவு விட்டம் வரை போகலாம், எவ்வளவு எடை தாங்கும் என்று இயந்திரத்தின் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், அந்தப் பக்கத்தைக் கிழித்தாவது மேகசின் கதவில் ஒட்டுங்கள்.

லேத்தில் சிக்கல் குறைவு. நான்கு இலக்கம், முதல் இரண்டு டர்ரெட்டில் (லேத்தில் டூல்களைத் தாங்கும் சுழல் தலை) எந்த இடம், பின் இரண்டு எந்த ஆஃப்செட். 0303 என்றால் மூன்றாம் இடம், மூன்றாம் ஆஃப்செட். ஒரே டூலில் இரண்டு விட்டத்தைத் தனித்தனியாகப் பிடிக்க 0313 என்று இரண்டாம் ஆஃப்செட் வைப்போம், அப்படி வைத்தால் அதைத் தாளில் எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இன்சர்ட் மாற்றுகிறவன் ஒன்றை மட்டும் திருத்திவிட்டுப் போய்விடுவான்.

அந்தத் தாள் என்பது டூல் லிஸ்ட். ஜாப்புக்கு ஒன்று, பிளாஸ்டிக் உறையில் இயந்திரக் கதவில் தொங்கும். இடம் எண், டூல் எண், ஹோல்டர் எண், வெளியே நீட்டியிருக்க வேண்டிய நீளம், அளந்த நீளம், அளந்தவர் கையெழுத்து. அவ்வளவுதான். டூல் மாற்றினால் புதிய நீளத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், டேப் மாற்றினால் அடுத்த பீஸில் கேஜ் போட்டு அதற்கும் ஒரு டிக். ரீகிரைண்ட் செய்த டிரில் கட்டாயம் நீளம் குறைந்துதான் வரும், பழைய நீளத்தை நம்பவே கூடாது. எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்தது என்னவென்றால் இதற்கு மொழி தேவையில்லை. இப்போது என் ராத்திரி ஷிஃப்டைப் பார்ப்பவன் ஒடிசாவிலிருந்து வந்த தம்பி. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. "பெரிய எண்ட் மில்", "அந்தக் குட்டை டிரில்" என்று நாங்கள் பேசியபோதெல்லாம் அவன் தலையாட்டிவிட்டு வேறு எதையாவது எடுத்து வருவான், கேட்கவும் கூச்சம். 3160 என்று எழுதிக் கொடுத்தால் இருட்டிலும் சரியாக எடுத்து வருகிறான். ஒரு மாதத்தில் தனியாகச் செட்டிங் செய்ய ஆரம்பித்துவிட்டான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. தமிழக அரசு 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தியிருக்கிறது, 2023-இல் தொடங்கி வைத்தார்கள். நல்ல இயந்திரங்கள் வந்திருக்கின்றன, மனதார வரவேற்கிறேன். மெஷினிஸ்ட், டர்னர் என்று இரண்டு வருடம் படித்து வரும் பிள்ளைகளை நான் வேலைக்கு எடுக்கிறேன். புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், ஜி கோடு எம் கோடு எல்லாம் கடகடவென்று சொல்கிறார்கள். "மேகசினில் இருபது டூல் இருக்கிறது, நாளைக்கு இந்த டிராயிங் வருகிறது, எதை வைப்பாய், எதை எடுப்பாய், எந்த எண் கொடுப்பாய்?" என்று கேட்டால் அப்படி ஒரு கேள்வியையே இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிகிறது. பயிற்சியின்போது டூல் ஏற்கெனவே மாட்டியிருக்கும், இவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். செய்முறைத் தேர்வில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒரு தட்டு நிறையக் கலந்து போட்ட டூல்களையும் ஒரு டிராயிங்கையும் கொடுங்கள், தேர்ந்தெடுத்து, எண் கொடுத்து, நீளம் அளந்து, டூல் லிஸ்ட் எழுதித் தரட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். புரோகிராமைக் கேம் சாஃப்ட்வேர் எழுதிவிடும், டிராயரில் இருக்கும் டேப்பின் பிட்ச்சை அது வந்து பார்க்காது.

கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியா போன்ற சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஆளுக்கொரு முறை வைத்திருக்கிறோம், ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஆபரேட்டர் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு ஒரு பொதுவான எண் முறை, இரண்டு பக்கத் தாளாக, தமிழிலும் இந்தியிலும் போட்டுக் கொடுத்தால் போதும். என் முறைதான் சரி என்று சொல்லவில்லை, இதைவிட நல்லது இருந்தால் நானே நாளைக்கு என் டிராயர்களை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் எதுவானாலும் புரோகிராமில் வரும் டூல் எண், ஹெச் எண், மேகசின் இடத்தின் எண் மூன்றும் வேறு வேறாகிவிடாமல் பார்த்துக்கொள்ளும் முறையாக இருக்கட்டும்.

எங்கள் டூல் லிஸ்ட் தாளைத் தமிழில் அச்சடித்து வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் அதன் ஒரு பிரதியையும் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன், கேட்கும் வாசகர்களுக்கு நீங்கள் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஒதுக்கி டிராயரைக் கொட்ட நினைக்கும் பட்டறைக்காரர் யாராவது துணைக்கு ஆள் வேண்டும் என்றால் என் பழைய செட்டர் வரத் தயாராக இருக்கிறார். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நிற்க முடியாமல் வேலையை விட்டவர், நாற்காலி ஒன்று போட்டுக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர்.